எஸ்கேப் அண்ணனும் கொழுந்துக் கம்பியும்

விண்வெளிக்குப் போகிறவர்களைப் பற்றி இந்த ஊவா மாகாணத்திலேயே எங்கள் எஸ்கேப் அண்ணனைப் போலக் கவலைப்பட்ட ஆள் வேறு கிடையாது. அவர்கள் மேலே போய் எதைப் பார்க்கிறார்கள், எங்கே கால் வைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. போகிற வழியில் ஏதாவது பிசகினால் ஆளை எப்படிக் கீழே இறக்குவது? அது ஒன்றுதான் கவலை. அந்தக் கவலையில் மனிதர் இளைத்துப்போனதை தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயமே கண்ணால் பார்த்தது.

லுணுகலைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் அவருக்குக் கம்பி வேலை. மலையில் பறிக்கிற கொழுந்தை எங்கள் லயத்துப் பக்கம் கொண்டுவந்து மூட்டை கட்டி, கப்பியில் மாட்டி, கம்பி வழியாகக் கீழே ரோட்டுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து லொறியில் தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோருக்குப் போகும். மேல் முனையில் மூட்டையை மாட்டி விடுகிறவர் இவர். இருபது வருடமாக இறக்குகிற தொழிலிலேயே இருந்தவருக்கு ஏறுகிறவர்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் போனதில் ஆச்சரியமில்லை.

வெலிமடையில் கட்டிக்கொடுத்த மகள் ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்தாள். அதில்தான் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டார். இந்தியாவில் ஆள் ஏறிப் போகிற ராக்கெட் செய்கிறார்களாம். ஆளே இல்லாமல் முதலில் ஒன்றை மேலே விட்டு, பாதி வழியில் கெட்டது நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஆள் உட்காருகிற பெட்டியை மட்டும் பிய்த்து எடுத்து, குடை விரித்து, கடலில் இறக்கிக் கப்பலில் தூக்கினார்களாம். ராக்கெட்டின் தலையில் அதற்கென்றே இன்னொரு சின்ன ராக்கெட் வைத்திருக்கிறார்களாம். அண்ணன் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தாரோ தெரியாது. பக்கத்து வீட்டு நாய்கூட அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து வேறு இடம் பார்த்துப் போகும்.

“பாத்தியா தங்கச்சி. இன்னும் ஒரு ஆளு ஏறல. அதுக்குள்ள எறக்குற வழிய செஞ்சு பாக்குறான். இதுதான் மனுசன் செய்யிற வேல” என்றார் என்னிடம்.

“ஏறாமலே இருந்துட்டா எறக்குற செலவும் மிச்சம்தானே அண்ணே” என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வீடியோவில் வாய்க்கு வாய் வந்த சொல்லை வைத்து, மூன்றாம் நாளிலிருந்து அவர் எஸ்கேப் அண்ணன். பதுளை பஸ்ஸில் ஏறினால் அவசரக் கதவுக்குப் பக்கத்து இருக்கைதான் வேண்டும். அதில் யாராவது உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் நின்றுகொண்டு, “இந்தக் கதவு தொறக்குமான்னு பாத்தீங்களா?” என்று கேட்பார். கேட்டவர் பயந்து எழுந்துவிடுவார். ஒரு தடவை திறக்கிறதா என்று அவரே பார்த்தார். திறந்தது. வெலிமடையிலிருந்து வந்த ஒரு மூட்டை லீக்ஸ் கீரை ரோட்டில் இறங்கி நடந்தது. கொண்டக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அண்ணன் மட்டும், கதவு நல்ல கதவு என்று சான்று கொடுத்துவிட்டு இறங்கினார்.

அதையாவது மன்னிக்கலாம். எங்கள் லயத்துப் பெண்ணுக்குக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். ஐயர் தாலியைக் கையில் எடுக்கிற நேரம், ஒலிபெருக்கியில் அண்ணன் குரல் கேட்கிறது. பந்தல் சரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் இடது பக்கம், பெண் வீட்டார் வலது பக்கம், சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிறவர்கள் இலையை விட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும் என்று அறிவிக்கிறார். நல்ல நேரத்தில் யாராவது பந்தல் சரிகிற பேச்சைப் பேசுவார்களா? நான் மாரியம்மா என்று கும்பிட்டுக்கொண்டேன். பெண்ணின் அப்பா மைக்கைப் பிடுங்க ஓடினார். அண்ணன் தாம் சொன்ன இடது பக்க வழியாகவே தப்பினார். வழி சரியாக இருந்தது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

சேவல் விஷயம் அதைவிட மோசம். முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட எங்கள் வீட்டுச் சேவல் அது. அண்ணன் அதன் இறக்கைக்குக் கீழே ஒரு பழைய குடைத்துணியைக் கட்டி, லயத்துக்கு மேலே உள்ள பாறையிலிருந்து விட்டார். இரண்டு சின்னக் குடை முதலில், பிறகு பெரிய குடை, அப்படித்தான் அங்கே விரிக்கிறார்கள் என்று விளக்கம் வேறு. சேவலுக்கு இயற்கையாகவே இறக்கை உண்டு என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அது குடையோடு பறந்து, தோட்டத்து ஆபிஸ் பெரிய கிளாக்கர் வீட்டுக் கூரையில் இறங்கி, மூன்று நாள் அங்கேயே கூவியது. சாமிக்கு நேர்ந்ததை இப்படி வானத்தில் விடலாமா என்று நான் அழுதேன். “முனியாண்டி கோவிச்சுக்க மாட்டாரு தங்கச்சி. உசிரோடதானே எறங்கிருக்கு” என்றார்.

சிரிக்கிறோமே தவிர, அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக நிற்கிறது. மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களே புதைந்த பிறகு ஐப்பசி மழை விழுந்தாலே எங்கள் பக்கத்தில் யாருக்கும் சோறு இறங்காது. அதிகாரிகள் வந்து பார்த்து, அபாயமான இடம் என்று அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். மழை கூடினால் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். எங்களுடையது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். காம்பரா என்கிற ஒவ்வொரு அறை வீட்டுக்கும் ஒரே வாசல்.

“எங்கள மாரியாத்தா காப்பாத்துவா அண்ணே” என்று நான் ஒரு தடவை சொன்னேன்.

“காப்பாத்துவா. நான் இல்லைங்கல. மண்ணு வாசல மூடிருச்சுன்னா ஒன்னைய எந்தப் பக்கமா தூக்குவா?” என்றார்.

நான் போய் விளக்கில் இன்னும் ஒரு திரி போட்டேன்.

அவர் லயத்துக்கே ஒத்திகை வைத்தார். பிஸ்கட் தகரத்தைத் தட்டினால் எல்லோரும் வெளியே ஓடிவர வேண்டும். முதல் நாள் தட்டினார். தொலைக்காட்சியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பூனை மட்டும் வெளியே வந்தது. இரண்டாம் நாள் தகரத்தைத் தட்டி, “நிவாரண சாமான் குடுக்குறாங்க” என்று கத்தினார். ஒன்றரை நிமிடத்தில் இருபத்து நான்கு காம்பராவும் காலி. பையோடு வந்து நின்றவர்களிடம் கடிகாரத்தைக் காட்டி, நல்ல நேரம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டது அவர் முன்செய்த புண்ணியம்.

எல்லோரையும் வெளியே கொண்டுவர அவருக்கு வழி கிடைத்தது. ஒருவரைத் தவிர. அவர் என் மாமனார்.

மாமா தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்தவர். அவர் நடந்து வந்தால் மலையில் பேச்சு நின்றுவிடும். வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் நிற்கிறார். மாமாவைப் பார்த்துக்கொள்வது நான். தூக்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள். மாமாதான் தூக்கவிட மாட்டார்.

“நாலு பேரு தோள்ல ஏறுனவன் எறங்குற எடம் ஒண்ணுதான். உசுரோட நான் அப்பிடிப் போக மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். முதுகில் சுமக்கிறோம் என்றால், நான் என்ன கொழுந்து மூட்டையா என்று கேட்டார். போன வருட மழையில் லயமே பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பிள்ளைகளை அவர்களோடு அனுப்பிவிட்டு, நான் மாமாவோடு இருந்துவிட்டேன். மூன்று நாள். சுவரில் தண்ணீர் ஓடியது. விளக்கேற்றி வைத்துக்கொண்டு, அம்மா, இந்தக் கிழவர் மனதை மாற்று, இல்லாவிட்டால் மலையையாவது பிடித்துக்கொள் என்று கும்பிட்டபடி கிடந்தேன். அண்ணன் வாசல்படியில் கயிறோடு உட்கார்ந்து மூன்று நாளும் மாமாவைத் திட்டினார். அம்மன் மலையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவின் மனதை அப்படியே விட்டுவிட்டாள். இந்த வருடமும் மழை வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மூச்சு வாங்க ஓடிவந்தார். கையில் ஃபோன். ராக்கெட் ஏறுகிற உயரமான மேடையில் தீப்பிடித்தால் வீரர்கள் தப்பிக்க ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். மேடையிலிருந்து தரைக்குக் கம்பி இழுத்திருக்கிறார்கள். கம்பியில் கூடை. கூடையில் ஆள் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு கீழே போய்விடுவார்.

“நம்ம கொழுந்துக் கம்பி தங்கச்சி. அப்பிடியே நம்ம கம்பி. நம்மகிட்ட இருந்துதான் பாத்துப் போயிருக்கான்” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

மாமாவிடமும் காட்டினார். வெள்ளை உடுப்புப் போட்ட வீரர்கள் நடந்து போய் ஏறி உட்காருவதை மாமா கடைசி வரை பார்த்தார். பிறகு கேட்டார். “இவனுகள யாரு தூக்குறா?”

“யாரும் தூக்குறதில்ல கங்காணியாரே. ஒக்காந்துதான் போறாங்க. நாக்காலி இருக்கு, பெல்ட்டு இருக்கு, தொப்பி இருக்கு.”

“கட்டளை போடுறது?”

“தலைவருதான். அவரு சொன்னாத்தான் எதுவும் அசையும்.”

மாமா, “ம்” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்துக்காக நான் இரண்டு வருடம் கோயில் சுற்றியிருக்கிறேன்.

அடுத்த ஒரு மாதம் லயத்தில் எந்தச் சாமானும் பத்திரமில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கால் இல்லாமல் போனது. பழைய வேனிலிருந்து பெல்ட் கழன்றது. யாருடைய மோட்டார் சைக்கிள் தலைக்கவசமோ வந்து சேர்ந்தது. நாற்காலியை இரும்புச் சட்டத்தில் கட்டிக் கப்பியில் தொங்கவிட்டார். கொழுந்து மூட்டை கம்பியில் போகிற வேகத்தில் மனிதன் போனால் எலும்பைப் பொறுக்க வேண்டியதுதான். அதனால் நாற்காலிக்குப் பின்னால் நீளக் கயிறு கட்டி, அதை மேலே ஒரு சவுக்கு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடிப்பது என்று ஏற்பாடு. நான் கப்பிக்கு எலுமிச்சம்பழம் கட்டித் திருநீறு பூசினேன். அண்ணன் தடுக்கவில்லை. பாரம் கூடாத வரைக்கும் எந்தச் சாமியும் வரலாம் என்றார்.

ஞாயிறுகளில் சோதனை. மாமாவின் எடைக்கு ஒரு மூட்டை மண், அதற்கு மாமாவின் பழைய கோட்டு, தலைக்குப் பூசணிக்காய், பூசணிக்குத் தலைக்கவசம். பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணி விட்டார். கோட்டுப் போட்ட உருவம் தேயிலைக்கு மேலே போவதைக் லீவு நாளில் அன்றாடக் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். பெரிய கங்காணி திரும்ப வேலைக்கு வந்துவிட்டார் என்று நினைத்து இரண்டு கையாலும் வேகமாகப் பறித்தார்களாம். கயிறு நழுவி, உருவம் கீழ்முனையில் தடுப்புக்குக் கட்டியிருந்த டயரில் மோதியது.

வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா, “அது யாருடா? நானா?” என்றார்.

“ஆமாங்க. மொதச் சோதனைதானே.”

“தல எங்க?”

“ரோட்ல இருக்குங்க.”

மாமா என்னைப் பார்த்து, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். ஐந்தாவது சோதனையில் கோட்டுப் பையில் வைத்த முட்டை உடையாமல் போய்ச் சேர்ந்தது. அந்த முட்டையை அவித்து மாமாவுக்கே கொடுத்தார் அண்ணன். மாமா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

மழை வந்தது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு இல்லை. லயத்துக்குப் பின்னால் மண்ணில் என் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கீழே ரோட்டில் ஒலிபெருக்கி வைத்த வாகனம் வந்து உடனே இறங்குங்கள் என்று கத்தியது. அண்ணன் தகரத்தைத் தட்டினார். இந்தத் தடவை நிவாரணம் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. குறுக்குப் பாதையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கைகோத்துக்கொண்டு ஆள் போகலாம். யாரையும் சுமந்துகொண்டு போக முடியாது.

மாமா கோட்டைக் கேட்டார். கைத்தடியைக் கேட்டார். வாசலில் இருந்து கம்பியின் மேல் முனைக்குப் பத்தடி. நாற்காலியிலேயே வைத்து நகர்த்தினோம். தலைக்கவசத்துக்கு மேல் திருநீறு பூச முடியாமல் அதன் கண்ணாடியில் பூசினேன். ஒன்றும் தெரியவில்லை என்று மாமா துடைத்துவிட்டார். அண்ணன் கம்பியில் கட்டையால் மூன்று அடி அடித்தார். மேலிருந்து ஒன்று வருகிறது என்று கீழே இருப்பவருக்கு அதுதான் அடையாளம். கீழிருந்து இரண்டு அடி பதிலாக வந்தது.

“சொல்லுங்க கங்காணியாரே.”

“விடு” என்றார் மாமா.

போனார். நான் பாதையில் மற்றவர்களோடு கைகோத்து இறங்கிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மழைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, சாமி தேரில் போகிற மாதிரி போனார். பாதி வழியில் நின்றுவிட்டது. கயிறு போதாது என்று அண்ணன் இரண்டு மாட்டுக் கயிறுகளை முடிந்திருந்தார். அந்த முடிச்சு மரத்தில் மாட்டிக்கொண்டது. தேயிலைக்கு மேலே அந்தரத்தில் மாமா. நான் தண்ணீருக்குள் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். மாமாவோ தடியை ஆட்டி மேலேயும் கீழேயும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றி, காலை மரத்தில் உதைத்து, மாமாவின் பாரத்தை உடம்பில் வாங்கி, முடிச்சை ஒரு கையால் எடுத்துத் தாண்டவிட்டார். நாற்காலி மறுபடி நகர்ந்து, நான் ரோட்டுக்கு வந்து சேர்ந்த நேரம் அதுவும் வந்து சேர்ந்தது.

கீழே மூட்டை இறக்குகிறவர் காளிமுத்து. முப்பது வருடமாகக் கம்பியில் வந்ததெல்லாம் கொழுந்து. மழைக்குள், பதற்றத்தில், மூன்று அடி கேட்டுப் பழகிய கை. வந்ததைக் கழற்றினார், அப்படியே தராசுக் கொக்கியில் மாட்டினார், முள்ளைப் பார்த்தார். ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர்ப் பாரம் என்று இரண்டு கிலோ கழிப்பது வழக்கம்.

“அறுவத்தி மூணு. ஈரத்துக்கு ரெண்டு போனா அறுவத்தி ஒண்ணு.”

பெண்களுக்கெல்லாம் காலமெல்லாம் ஈரத்துக்குக் கழித்த என் மாமனார், தராசில் தொங்கியபடியே, “எனக்கே கழிக்கிறியாடா?” என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அந்த மழையில் நின்று சிரித்த சிரிப்பு, இருபது வருடம் அடக்கி வைத்த சிரிப்பு.

அப்போதுதான் மலை சத்தம் போட்டது. லயத்தின் பின்வரிசை இருந்த இடத்தில் மண் இறங்கியது. ஆட்களை எண்ணினோம். ஒருவர் குறைந்தார். கயிற்றை விட்டுப் பிடிக்கிறவர் மேலேதானே இருக்க வேண்டும்.

“கம்பிய அடி” என்றார் மாமா. காளிமுத்து மூன்று அடி அடித்தார். பதில் இல்லை. “அடிடா” என்றார் மாமா. அடித்தார். நான் மாரியம்மாவைக் கூப்பிடவில்லை. எனக்கு அந்த நேரம் வாயில் எந்தச் சாமி பேரும் வரவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை அடித்த பிறகு, மெதுவாக, மேலிருந்து இரண்டு அடி வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மறுபக்க மலையைச் சுற்றி நடந்து வந்தார். நெஞ்சு வரைக்கும் சேறு. இடுப்பில் கயிறு அறுத்த காயம். நேரே மாமாவிடம் போய், “எறங்குறப்ப அடி ஏதும் பட்டுச்சுங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டு கிலோ கழிச்சுட்டான்டா” என்றார் மாமா. சொல்லிவிட்டு, நல்ல கையால் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை.

நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டேன். “எல்லாருக்கும் வழி செஞ்சீங்களே அண்ணே. கயித்தப் புடிக்கிறவருக்கு என்ன வழி வச்சிருந்தீங்க?”

கணக்கில் ஒரு எண் விட்டுப்போன பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். “அத யோசிக்கலியே தங்கச்சி” என்றார்.

இப்போது எங்களுக்குக் கீழே சமமான இடத்தில் வீடு கொடுத்திருக்கிறார்கள். மாமா வாசலில் உட்கார்ந்து, விண்வெளிக்குப் போய் வந்தவர்கள் யாராவது ஈரத்துக்குக் கழிபட்டார்களா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணன் வெலிமடையில் மகளோடு இருக்கிறார். அங்கே அடுத்த வீட்டுக்காரர்களைத் தகரம் தட்டி எழுப்புவதாகக் கேள்வி. வெள்ளிக்கிழமை லுணுகலைக் கோயிலில் எங்கள் வீட்டுக்கு அர்ச்சனை செய்யும்போது, மாமா பேர், வீட்டுக்காரர் பேர், பிள்ளைகள் பேர் எல்லாம் சொல்லி, கடைசியில் அவரையும் சேர்க்கச் சொல்வேன். ஐயர் நட்சத்திரம் கேட்பார். அவர் எந்த நட்சத்திரத்தில் பிறந்தவர் என்று எனக்குத் தெரியாது. “எங்க வீட்டு ஆளுதான் சாமி, எங்க நட்சத்திரத்துலயே சேத்துக்குங்க” என்று சொல்லிவிடுவேன்.